படம் ஹாலுக்கு, சத்தம் உள் அறைக்கு

கருங்காட்டுக்குறிச்சியில் அறிவில்லாதவர் என்று ஒருவரும் கிடையாது. இருக்கிற அறிவை எங்கே செலவழிப்பது என்று தெரியாமல் தவிக்கிறவர்கள்தான் உண்டு. அந்த ஊரில் யாருக்கு என்ன வேலை வந்தாலும் மூன்று பேர் கூடிப் பேசாமல் கை வைக்க மாட்டார்கள். ஒருவன் யோசித்தால் தப்பாகிவிடுமாம். மூன்று பேர் யோசித்தால் தப்பே ஆனாலும் உறுதியான தப்பாக இருக்குமாம்.

அப்படிப்பட்ட ஊரில் கொம்பையாவுக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. அவன் மனைவி முப்பிடாதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு டிவியில் வரப்போகிறாள். சமையல் போட்டியின் கடைசிச் சுற்று, நேரடி ஒளிபரப்பு. ஜெயித்தால் பெரிய கிரைண்டர் ஒன்று பரிசு. சனிக்கிழமை காலையில் சென்னைக்குப் பஸ் ஏறும்போது அவள் புருஷனிடம் இரண்டே விஷயம் சொன்னாள்.

"நாளைக்கு அங்கேருந்து உங்களுக்குப் போன் வரும். உங்க பொண்டாட்டி வைக்கிற குழம்புல எது ரொம்பப் பிடிக்கும்னு கேப்பாங்க. மொச்சைக் கருவாட்டுக் குழம்புன்னு சொல்லணும். பத்து எண்ணுததுக்குள்ள சொல்லணும். வேற ஒண்ணும் பேசப்படாது."

"சரி. ரெண்டாவது?"

"கிரைண்டர் கிடைக்கலன்னா நான் இந்த வீட்டுக்கு வரமாட்டேன். நேரா எங்க அம்மை வீட்டுக்குப் போயிருவேன்."

முப்பிடாதி ஒன்று சொன்னால் சொன்னதுதான். அவள் இல்லாத வீட்டில் கொம்பையா அரை நாள்கூட இருந்ததில்லை. உப்பு டப்பா எது, சீனி டப்பா எது என்று அவனுக்குத் தெரியாது. அது மட்டுமல்ல, அவள் மேல் அவனுக்குக் கொள்ளைப் பிரியம். அன்று முழுக்க 'மொச்சைக் கருவாட்டுக் குழம்பு' என்று முணுமுணுத்துக்கொண்டே திரிந்தான். எதிரே வந்தவர்கள் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பினார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பெருமை தாங்காமல் தெருவையே படம் பார்க்க அழைத்துவிட்டான். டிவியும் டிஷ் பெட்டியும் இருப்பது உள் அறையில். அங்கே கட்டில் போக ஆறு பேர் நிற்கலாம். அதனால் கல்யாண மண்டபத்திலிருந்து ஒரு புரொஜெக்டரை இரவல் வாங்கி ஹாலில் வைத்தான். ஹால் சுவர் நன்றாக வெள்ளையடித்த பெரிய சுவர். உள் அறைப் பெட்டியிலிருந்து ஹால் புரொஜெக்டருக்குப் படத்தைக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

டிஷ் மாட்டுகிற செல்லப்பா ஒரு காதுகுத்து வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தான். நீளமான ஒயர் ஒன்றைக் கொடுத்தனுப்பிவிட்டு, மற்றதைப் போனில் சொன்னான்.

"பெட்டிக்குப் பின்னால ஒரு முனை, புரொஜெக்டர்ல மறு முனை. நடுவுல ஒயரை மடக்காம நேரா கொண்டு போங்க. ஹாலை நல்லா இருட்டாக்குங்க. சத்தம் மட்டும் டிவியிலதான் வரும், பாத்துக்கோங்க." சொல்லிவிட்டு இலையைக் கவனிக்கப் போய்விட்டான்.

கொம்பையா, அவன் கூட்டாளிகள் மாசானம், புலமாடன் மூன்று பேரும் கூடி உட்கார்ந்தார்கள். மாசானம் வயதில் மூத்தவன், அதனால் அவன் நினைத்ததைச் சத்தமாக நினைப்பான். புலமாடனிடம் சொந்தமாகக் கடப்பாரை இருந்தது.

"ஒயரைக் கதவு வழியா விட்டா ரெண்டு இடத்துல மடங்குமேவே" என்றான் மாசானம்.

"மடக்கப்படாதுன்னு செல்லப்பா சொல்லியிருக்கானே" என்றான் கொம்பையா.

"அப்ப நேரா எங்கிட்டுப் போகும்?"

மூவரும் பெட்டியிலிருந்து புரொஜெக்டருக்கு ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தார்கள். நூல் போகிற வழியில் சுவர் ஒன்று தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. புலமாடன் எழுந்து கடப்பாரையை எடுத்தான்.

ஒன்றரை மணி நேரத்தில் ஓட்டை போட்டார்கள். ஒயருக்கு விரல் தண்டி ஓட்டை போதும். ஆனால் நேராக இருக்கிறதா என்று புலமாடன் தலையை விட்டுப் பார்க்க வேண்டியிருந்ததால், தலை தண்டிக்கு ஓட்டையானது. பார்த்தவன் திருப்தியாகத் தலையை எடுத்துக்கொண்டான். ஒயர் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. பெட்டியைப் போட்டதும் ஹால் சுவரில் படம் பளிச்சென்று விழுந்தது. கொம்பையாவுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது.

ஓட்டை வழியாக எட்டிப் பார்த்த மாசானத்தின் முகம்தான் சுண்டிப் போயிற்று.

"இங்க டிவியிலயும் படம் ஓடுதுவே. பாதிப் படம் இங்கேயே செலவாயிட்டா ஹாலுக்கு எப்படிப் பத்தும்?"

நியாயமான பேச்சு. கட்டில் போர்வையை உருவி, டிவியின் தலையிலிருந்து கால் வரை போர்த்திவிட்டார்கள். ஹாலில் படம் இப்போது இன்னும் தெளிவாக இருப்பதாக மூன்று பேருக்கும் பட்டது.

மூன்றரை மணிக்குத் தெரு வந்து இறங்கியது. படம் ஹாலிலும் சத்தம் உள் அறையிலும் இருப்பதால், காது நன்றாகக் கேட்கிறவர்களை உள்ளேயும், கண் நன்றாகத் தெரிகிறவர்களை ஹாலிலும் மாசானம் பிரித்து உட்கார வைத்தான். காது கேட்கிறவர்களுக்கு அவனே தலைவனாக உள்ளே போய் உட்கார்ந்தான்.

அடுத்து இருட்டு. ஜன்னலைச் சாத்தினார்கள். வெளிச்சம் வராமல் உள் அறைக் கதவை இறுக்கிச் சாத்தினார்கள். சுவர் ஓட்டையில் இரண்டு தலையணையைத் திணித்தார்கள். அப்போதும் கூரை ஓட்டு இடுக்கு வழியாக வெயில் ஒழுகியது.

"எல்லாரும் கண்ணை மூடுங்க" என்றான் புலமாடன். மூடினார்கள். "இப்ப எப்படி இருக்கு?"

"கும்மிருட்டு" என்றது ஹால்.

"படம் தெரியுதா?"

"தெரியல."

புலமாடன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான். "இருட்டு கூடிப்போச்சு. ஒரு கண்ணை மட்டும் திறந்துக்கோங்க."

அது சரியாக அமைந்தது. நாற்பது பேரும் ஒற்றைக் கண்ணோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

சரியாக நாலு மணிக்குச் சுவரில் முப்பிடாதி வந்தாள். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு. தன் மனைவி இவ்வளவு பெரியவள் என்பது கொம்பையாவுக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் வெங்காயம் வதக்கினாள். கருவாட்டைப் போட்டாள். மூடியைத் திறந்தபோது முன் வரிசையில் இருந்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். ஆனால் அவள் வாய் அசைந்ததே தவிர ஒரு சத்தம் இல்லை.

கொம்பையாவின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான்.

"வணக்கம் சார், நேரலையில இருக்கீங்க. உங்க மனைவி வைக்கிற குழம்புல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது? பத்து எண்ணுவோம், அதுக்குள்ள சொல்லணும். ஒண்ணு…"

கொம்பையா வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"கொம்பையா, உன் பொண்டாட்டி என்னமோ சொல்லுதா, எங்களுக்கு ஒரு எழவும் கேக்கல."

நியாயம்தானே. அழைத்து வந்தவர்களை அரைகுறையாக அனுப்பலாமா? கொம்பையா போனில் சொன்னான்: "முப்பிடாதி, நீ ஹால்ல நிக்கே. உன் சத்தம் உள்ரூம்லல்லா இருக்கு."

"அஞ்சு… ஆறு…"

"ஏங்க, குழம்பு பேரைச் சொல்லுங்க" என்று போனில் முப்பிடாதியின் குரல் கேட்டது. இரண்டு விநாடி கழித்துச் சுவரில் அவள் வாய் அசைந்தது.

"பேச்சு முன்னாடி வருது, வாய் பின்னாடி வருது. நீ ஒரு எட்டு உள்ள போயி, சத்தத்தையும் கூட்டிக்கிட்டு இங்க வா. ஊரே காத்திருக்கு."

"பத்து. மன்னிக்கணும் சார்." போன் கட் ஆனது.

அதே நேரம் உள் அறைக் கதவு திறந்தது. மாசானம் தலையை நீட்டினான். "கொம்பையா, உன் பொண்டாட்டி இங்க வந்துட்டா. போர்வைக்குள்ள நின்னுக்கிட்டுக் கத்துதா."

சொன்ன சொல்லைத் தட்டாத மனைவி. கொம்பையா பூரித்துப் போய் ஓடினான். போர்வையை விலக்கினால், சின்னதாகச் சுருங்கி, முகமெல்லாம் சிவந்து முப்பிடாதி நின்றாள். அவன் டிவிக்குப் பக்கத்தில் குனிந்து, மறக்காமல் தெளிவாகச் சொன்னான்: "மொச்சைக் கருவாட்டுக் குழம்பு."

"கிரைண்டர் போச்சு" என்று டிவிக்குள் முப்பிடாதி அலறினாள். "அந்த மனுசன் முகத்துல இனி முழிக்கவே மாட்டேன். எங்க அம்மை வீட்டுக்குத்தான் போவேன்."

கொம்பையா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. மாசானம் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான். அப்போது ஹாலிலிருந்து புலமாடன் வந்தான்.

"ஏன்வே அழுதே? முப்பிடாதி ஹாலை விட்டு எங்கயும் போகலியே. அங்கேயே நின்னு கையை ஆட்டிக்கிட்டிருக்கா."

கொம்பையா எட்டிப் பார்த்தான். நிஜம்தான். சுவரில் அவள் அதே பட்டுச்சேலையில், ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காக நின்று கையை வீசி வீசி வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். சுவரிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

மூன்று பேரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"கோவமெல்லாம் உள்ரூம்ல இருக்கவளுக்குத்தான்" என்றான் மாசானம்.

"ஹால்ல இருக்கவளுக்குச் சத்தமே கிடையாதே" என்றான் புலமாடன். "கிரைண்டர் போன விஷயம் அவ காதுல விழுந்திருக்க வழியே இல்ல."

கொம்பையா முகம் துடைத்துக்கொண்டு எழுந்தான். டிவியைப் பழையபடி போர்த்தி, உள்ளே இருந்தவர்களையும் ஹாலுக்குக் கூட்டி வந்து, உள் அறைக் கதவை ஓசைப்படாமல் சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போட்டான். ஹாலுக்கு வந்து, சுவரில் இருந்த முப்பிடாதியைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தான். பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பிக் கைகூப்பினான்.

"தயவுசெஞ்சு இவகிட்ட யாரும் ஒண்ணும் சொல்லிராதீங்க."

நாற்பது பேரும் ஒற்றைக் கண்ணை மூடியபடியே உதட்டில் விரலை வைத்துக்கொண்டார்கள்.