வழியனுப்பு மடல்

டயலப் இணையம் முனகிக்கொண்டு வந்த நாட்களில் மின்மடலில் கதை பகிர எங்களுக்கென்று ஒரு குழுமம் இருந்தது. இப்போது அது இல்லை.

ஓய்வுபெற்ற அதிகாரி அரங்கநாதன் அங்கே எல்லோரையும் திட்டுவார். தட்டிக்கேட்டால், "நான் விலகுகிறேன்" என்பார். "போகாதீங்க சார்" என்று கெஞ்சுவோம்.

ஒருநாள் புதியவள் செண்பகவல்லியின் முதல் கதையைக் குப்பை என்றார். "அவளை நீக்குங்கள். இல்லையேல் நான் விலகுகிறேன்!"

குழுமத்தை நடத்தும் மட்டுறுத்துநர்களில் இளையவளான மதிவதனி பணிவாக எழுதினாள்: "சாரை எத்தனை முறைதான் தடுப்பது? இம்முறை மரியாதையாக வழியனுப்புவோம். எல்லோரும் வாழ்த்து எழுதுங்கள்."

வாழ்த்துகள் குவிந்தன. செண்பகவல்லிகூட, "நல்லபடியா போயிட்டு வாங்க சார்" என்றாள்.

மாலையில் சார் எழுதினார்: "இவ்வளவு அன்பை விட்டுவிட்டு எப்படிப் போவது?"

மறுநாள் செண்பகவல்லி அடுத்த கதையைப் போட்டாள். "நன்று" என்று முதல் பதில் வந்தது, சாரிடமிருந்து.