நிழல் மந்திரி தரையில் நடந்த கதை

ஒரு காட்டில் குடித்தனங்கள் பெருகிப் பெருகிக் காடே ஒரு நகரமாகிவிட்டது. நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம். வழியை மட்டும் கேட்காதீர்கள்.

நகரத்தின் கிழக்கே அடர்ந்த மாந்தோப்பு. அதில் நாலைந்து மயில்கள் மட்டும் சொகுசாக வாழ்ந்தன. மேற்கே செம்மண் மேடு. ஆடு, முயல், எலி, கீரி எல்லாம் அங்கேதான் நெருக்கியடித்துக் குடியிருந்தன. மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லை. காக்கை பறந்தபடி முட்டையிட்டால், தரையில் விழுமுன் அது வெந்துவிடும்!

மரநாயகம் என்ற குரங்குதான் நகரத்தின் நிழல் மந்திரி. மழை வந்ததும் புதுக் கன்றுகளை எங்கே நடுவது என்று முடிவுசெய்வது அதன் வேலை.

செவ்வந்தி என்ற வெள்ளாடு, தோப்பில் கொலுவிருந்த மந்திரியைப் பார்க்க வந்தது. "மந்திரியாரே, இந்த மழைக்காவது எங்கள் மேட்டில் கன்று வையுங்கள். என் குட்டிகள் வெயிலில் சுருண்டு விழுகின்றன."

"இங்கே வைத்தால் தளதளவென்று வளருமே! நகரத்தில் எல்லோருக்கும் போக மிச்ச நிழல் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து உட்கார வேண்டியதுதானே? நாலு தாவலில் வந்துவிடலாம்!"

"நாங்கள் நடக்கிறவர்கள், சாமி."

"நடந்தால் தொந்தி கரையும்!"

மயில்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

"அப்படியானால் நாளை உச்சிவேளையில் நீங்களே வந்து எங்களை அழைத்துப் போங்கள்" என்றது செவ்வந்தி.

"பூ! இவ்வளவுதானா?"

மறுநாள் மரநாயகம் கிளைக்குக் கிளை தாவி வந்தது. கடைசி மரத்தில் நின்று அடுத்த கிளைக்குக் கை நீட்டியது. கிளையே இல்லை! உச்சிவெயிலில் தரையை மிதித்தே அறியாத குரங்கு, வேறு வழியின்றிக் கீழே குதித்தது.

உள்ளங்கால் பொரிந்தது. ஒரு காலை வைத்து மறு காலைத் தூக்கி, கூத்தாடிக்கொண்டே ஓடி, நாக்குத் தள்ளச் செவ்வந்தியின் முன்னே போய் விழுந்தது.

செவ்வந்தி வெயிலில் அசையாமல் நின்றிருந்தது. அதன் வயிற்றடி நிழலில் இரண்டு குட்டிகள் ஒடுங்கிக் கிடந்தன. மேடு முழுக்கத் தாய்கள் அப்படித்தான் நின்றன.

"ஐயோ, மந்திரியாருக்கு மயக்கம் போலிருக்கிறதே! பெரியவனே, கொஞ்சம் வெளியே நில்லு. அவர் ஒதுங்கட்டும்."

மூத்த குட்டி சட்டென்று எழுந்து வெயிலுக்குப் போனது. மரநாயகம் அந்த இடத்தில் புகுந்துகொண்டது.

"மந்திரி மாமா, காலை மடக்கிக்குங்க. இங்கே நிழல் கொஞ்சந்தான்" என்றது குட்டி. சொல்லும்போதே அது ஒரு காலை வைத்து மறு காலைத் தூக்கிக்கொண்டிருந்தது.

மரநாயகம் அந்தப் பிஞ்சுக் குளம்புகளைப் பார்த்தது. அப்புறம் குட்டியின் கண்ணைப் பார்க்க அதனால் முடியவில்லை. கூனிக்குறுகி வெளியே வந்து, குட்டியை உள்ளே தள்ளிவிட்டது.

"தோப்புக்குக் கிளம்பலாமா, மந்திரியாரே?" என்று கேட்டது செவ்வந்தி.

"என்னை அப்படிக் கூப்பிடாதே அம்மா" என்றது குரங்கு, தலை நிமிராமல். "கன்றுக்குக் குழி எங்கே தோண்டட்டும்? அதைச் சொல்லு."

"வெயில் தாழட்டுமே."

"இல்லை. இப்பவே காட்டு."

நீதி: தேவைப்படுகிறவருக்கு எட்டாத நன்மை, எங்கே எவ்வளவு குவிந்திருந்தாலும் இல்லாததற்குச் சமம்.