இரண்டாம் கோப்பையும் ஐந்தாம் கோப்பையும்

கோபம் ஆறிய பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்பார்கள். எனக்கு இது ஆறவில்லை, ஆறாமலேயே சொல்கிறேன். கேட்டுவிட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள், அவ்வளவுதான்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு விஸ்கி ஆலை. அங்கே சரக்கு வடிப்பவள் அமலோற்பவம். சதுப்பு நிலத்தில் மக்கிக் கிடந்த கரிமண்ணை வரவழைத்து எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்தி, வேறெதுவும் கலக்காத சிங்கிள் மால்ட் விஸ்கியாக வடித்து, நாற்பது பீப்பாய்களில் நான்கு வருடம் கண்ணும் கருத்துமாகக் காத்து வைத்திருந்தாள். வெளிநாட்டுப் புகை விஸ்கியின் விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்து போகிறவரும் பண்டிகைக்கு ஒரு பாட்டில் வாங்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

முதலாளி ஏகாம்பரநாதனுக்கு அந்த எண்ணமே பிடிக்கவில்லை. விலை குறைந்தால் சரக்கும் மட்டம் என்று நினைக்கிற ஜாதி அவர். சுவைத்து மதிப்பிட மூன்று பேரை அழைத்தார். நூற்றுக்கு எழுபத்தைந்து மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நாற்பது பீப்பாயும் மட்டச் சரக்கோடு சேர்க்கிற கலவைத் தொட்டிக்கு என்று சொல்லிவிட்டார். மூவரில் யாரை நம்புவது? அதற்கும் ஒரு பொறி வைத்தார். ஆறு கோப்பைகளில் இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் யாருக்கும் சொல்லாமல் அமலோற்பவத்தின் விஸ்கியையே ஊற்றினார், மற்ற நான்கிலும் வேறு ஆலைகளின் சரக்கு. நல்ல நாக்கு இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போடும், அந்த நாக்கு சொல்வதே தீர்ப்பு என்பது அவர் கணக்கு.

வரிசையைப் பார்த்ததும் அமலோற்பவம் பதறினாள். “சார், நாலாவதா இருக்கிறது ரொம்பக் காட்டமான புகை சார். அதைக் கடைசியில வெச்சிடுங்க.”

“ஒன் சரக்கக் காப்பாத்தப் பாக்கிறியா? வெளிய போம்மா நீ.”

போனாள். வேறென்ன செய்வாள்?

மூவரும் உள்ளே வந்தார்கள். முதலாமவர் வைத்திலிங்கம், முப்பது வருட அனுபவம், பெரிய பெயர். அன்று அவருக்குச் சளி. நீலகிரித் தைலம் நனைத்த கைக்குட்டையை நொடிக்கொரு தரம் மூக்கில் ஒற்றிக்கொண்டிருந்தார். பெரிய மனிதர் ஆயிற்றே, யார் கேட்பது? இரண்டாமவர் அருமைநாயகம், ஓட்டல்காரர், மனதில் பட்டதை அப்படியே எழுதுகிறவர். மூன்றாமவள் குமுதவல்லி, வேதியியல் படித்தவள்.

வாய் கொப்பளிக்கத் தண்ணீர்கூட இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக ஆறு கோப்பை. முடிந்ததும் ஏகாம்பரநாதன் தாள்களை வாங்கிப் படித்தார்.

அருமைநாயகம் இரண்டாவதற்கு எண்பத்தெட்டு போட்டு, ‘தணிந்த விறகடுப்பு, உப்பு, கடைசியில் வெல்லப்பாகு. அருமை’ என்று எழுதியிருந்தார். ஐந்தாவதற்கு ஐம்பத்திரண்டு. ‘சப்பென்று இருக்கிறது.’

குமுதவல்லி இரண்டாவதற்கு எண்பத்து நான்கு போட்டிருந்தாள். ஐந்தாவதற்கு எண்ணே இல்லை. ‘இது இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. ஆனால் நான்காவதன் புகை இன்னும் வாயில் இருக்கிறது. மதிப்பெண் போட மாட்டேன்.’

வைத்திலிங்கம் இரண்டாவதற்கும் அறுபது, ஐந்தாவதற்கும் அறுபது. மற்ற நான்கு கோப்பைகளும் ஐம்பத்தெட்டுக்கும் அறுபத்திரண்டுக்கும் நடுவில்.

“ரெண்டும் ஒரே சரக்குய்யா!” என்று ஏகாம்பரநாதன் மேசையைத் தட்டினார். “நாக்குன்னா இது நாக்கு!”

அருமைநாயகம் முகம் சிவந்தது. “அப்ப தோணினத எழுதினேன். ரெண்டையும் மாத்த மாட்டேன்.”

“பரீட்சையில பாதிக் கேள்விய விட்டுட்டு வர்றதுக்கா ஒன்ன கூப்பிட்டேன்?” என்று குமுதவல்லி மேல் பாய்ந்தார் முதலாளி.

“தப்பா எழுதறதுக்கு விடறது மேல் சார்.”

இப்போது சொல்லுங்கள். மாறாமல் ஒரே எண்ணைப் போட்டவர், தோன்றியதை மறைக்காமல் எழுதியவர், எழுத மறுத்தவள். இந்த மூவரில் யார் செய்தது சரி? யார் தாளை நம்பி அந்த நாற்பது பீப்பாய்களின் தலையெழுத்தை எழுதலாம்?

விடை குமுதவல்லி. காட்டமான புகைக்குப் பின்னால் மென்மையான புகை சப்பென்றுதான் தெரியும். அருமைநாயகம் பொய் சொல்லவில்லை, தன் வாயில் முன்பே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட்டார். குமுதவல்லி பார்த்தாள். வைத்திலிங்கமோ ஆறு கோப்பையிலும் நீலகிரித் தைலத்தைத்தான் முகர்ந்தார். அதனால்தான் ஆறும் அவருக்கு ஒன்றாக இருந்தன. ஆனால் ஏகாம்பரநாதன் நம்பியது அந்த அறுபதைத்தான். பத்து நாள் கழித்து நாற்பது பீப்பாய்களையும் அமலோற்பவத்தின் கையாலேயே திறக்கவைத்துக் கலவைத் தொட்டியில் கொட்டினார்கள். கடைசிப் பீப்பாய் ஓடிக்கொண்டிருந்தபோது வைத்திலிங்கம் அந்தப் பக்கம் வந்தார். சளி விட்டிருந்தது. மூக்கை உயர்த்தி முகர்ந்துவிட்டு அவளிடம் கேட்டார்: “ஆகா, என்னா வாசனைம்மா! இது எந்தச் சரக்கு? அன்னிக்கு ஏன் எங்களுக்கு இத ஊத்தல?”