ராஜாவை வெட்டு

செம்பொழில் நாட்டில் அந்த வருஷம் பிடித்த மழை விடுவதாக இல்லை. மழையைக்கூட மகாராஜா குமாரசேகர பூபதி பொறுத்துக்கொண்டார். மழையால் அரண்மனைக்குள் அடைபட்ட தன் பிள்ளைகளைத்தான் பொறுக்க முடியவில்லை. இளவரசன் சேந்தனுக்கு எட்டு வயது, இளவரசி தேவமங்கைக்கு ஆறு. இருவரும் சேர்ந்து பட்டத்து யானைக்கு மீசை வரைந்தார்கள். அயல்நாட்டுத் தூதரின் செருப்புக்குள் பாயசம் ஊற்றினார்கள்.

ராஜா, சபையில் வாய்ச்சாலகன் என்று பெயரெடுத்த மருதையனைக் கூப்பிட்டார்.

"மருதையா, இதுகளை ஒரே இடத்தில் உட்கார வை. எப்படியென்று கேட்க மாட்டேன்."

மருதையன் ஒரு சீட்டுக்கட்டோடு போனான்.

"இது கழுதை ஆட்டம்," என்றான் பிள்ளைகளிடம். "கட்டில் மீன், பூ, வாள், சங்கு என்று நாலு இனம். ஒருத்தர் மீன் போட்டால் எல்லாரும் மீன் போட வேண்டும். மீன் இல்லாதவர் வேறு சீட்டைப் போட்டு வெட்டலாம். வெட்டு விழுந்தால், மீனில் பெரிசாகப் போட்டவர் தலையில் எல்லாச் சீட்டும். கை காலியானவர் தப்பித்தார். கடைசியில் சீட்டோடு உட்கார்ந்திருப்பவர் கழுதை."

"கழுதையானா என்ன பண்ணணும்?" என்றான் சேந்தன்.

"கத்தணும்."

இளவரசனுக்கு உதடு பிதுங்கியது. அதனால் முதல் ஆட்டத்தில் மருதையனே தோற்றான். கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, கனஜோராகக் கத்தினான். அதற்குப் பிறகு யார் கழுதையாவது என்று பிள்ளைகளுக்குள் சண்டையே வந்தது. சேந்தனின் சின்னக் கைக்குள் சீட்டுகள் அடங்கவில்லை. ஒரு தாம்பாளத்தை நிறுத்தி அதன்மேல் சாய்த்துக்கொண்டான். தேவமங்கை அண்ணனுடைய சீட்டையும் எட்டிப் பார்த்துக்கொண்டே ஆடினாள். அரண்மனை அமைதியானது. யானையின் மீசையைக் கழுவ முடிந்தது.

பிரதானி சிங்காரவேளுக்கு மருதையனைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் அந்தப் பக்கமாக நடந்தவரின் காதில் மருதையன் குரல் விழுந்தது.

"ராஜாவை வெட்டு! யோசிக்காதே, வெட்டு!"

"வெட்டிட்டேன்!" என்றது இளவரசனின் குரல்.

பிரதானி பருத்த உடம்புக்காரர். அன்று அவர் ஓடியதைப் பார்த்தவர்கள் நெடுநாள் பேசிக்கொண்டார்கள்.

சபை கூடியது. மருதையன் பக்கத்தில் வாளோடு ஒரு காவலன் நின்றான்.

"ராஜாவை வெட்டச் சொன்னாயா?" என்றார் ராஜா.

"சொன்னேன் மகாராஜா."

"யாரிடம்?"

"தங்கள் குமாரரிடம்."

"ஒரு தடவையா?"

"சமயம் வாய்த்தபோதெல்லாம்."

"ராணியை?"

"ராஜா அகப்படாதபோது ராணியை."

பிரதானி முன்னால் வந்தார். "மந்திரி, பிரதானிகளை?"

"அவர்களை வெட்டிப் பெரிதாக லாபமில்லை ஐயா."

பிரதானிக்கு இதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

"எந்த ராஜாவைச் சொன்னாய்?" என்றார் மகாராஜா.

"மீன் ராஜாவை. சீட்டுக்கட்டில் இருப்பவர்."

சபையில் இரண்டொருவர் சிரித்தார்கள். பிரதானி சிரிக்கவில்லை.

"மகாராஜா, சீட்டில் இருந்தாலும் ராஜா ராஜாதான். இன்று காகிதத்தை வெட்டப் பழகும் கை நாளைக்கு எதை வெட்டும்?"

ராஜா யோசித்தார். அவருக்குச் சந்தேகம் வந்தால் லேசில் போகாது. "அதுவும் நியாயம்தான். ராஜாவை வெட்டச் சொன்ன வாய் எவர் வாயானாலும், அந்தத் தலை கழுத்தில் தங்கக்கூடாது."

மருதையனுக்குக் கழுத்தோரம் குறுகுறுத்தது. சொறிந்துகொள்ளவில்லை. அந்த இடத்தை இப்போது காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று தோன்றியது.

"உத்தரவு மகாராஜா. ஆனால் மழை இன்னும் விடவில்லை. நான் போனபின் பிள்ளைகளை உட்கார வைக்க யாருக்காவது இந்த ஆட்டம் தெரிந்திருக்க வேண்டுமே? தங்களுக்கும் பிரதானியாருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தலையைக் கொடுக்கிறேன்."

ராஜாவுக்குத் தூதரின் செருப்பு ஞாபகம் வந்தது. உடனே சம்மதித்தார்.

பிள்ளைகள் தாம்பாளத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். தேவமங்கை, ராஜா, சேந்தன், பிரதானி என்று வட்டம் கட்டி ஆட்டம் தொடங்கியது. முதலில் ராஜா ராஜாவாகத்தான் உட்கார்ந்திருந்தார். சேந்தன் ஒருமுறை அவரை வெட்டியதும் கிரீடத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். தேவமங்கை வெட்டியதும் சம்மணத்தை மாற்றிப் போட்டு முன்னால் குனிந்தார். கை நிறையச் சீட்டு. மகள் கையிலோ இரண்டே இரண்டு.

அதில் ஒன்றைப் போட்டாள் தேவமங்கை. மீன் ராஜா.

ராஜா ஒரு சின்ன மீனைப் போட்டார். சேந்தனும் ஒரு மீன் போட்டான். எல்லாரும் பிரதானியைப் பார்த்தார்கள்.

பிரதானியிடம் மீன் இல்லை. வெட்ட வேண்டும். ஒரு வாள் சீட்டைப் பாதி உருவியவர், மீன் ராஜாவின் முகத்தைப் பார்த்தார், எதிரே இருந்த மகாராஜாவின் முகத்தைப் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"வெட்டக் கூடாது மாமா, வெட்டக் கூடாது!" என்று கெஞ்சினாள் தேவமங்கை. "எனக்கு ஒண்ணுதான் மிச்சம்!"

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. தொடையில் அடித்துக்கொண்டார்.

"என்னய்யா முழிக்கிறீர்? விட்டால் அவள் தப்பிவிடுவாள்! ராஜாவை வெட்டும்! யோசிக்காதீர், வெட்டும்!"

காவலன் வாளைப் பார்த்தான், ராஜாவைப் பார்த்தான், மருதையனைப் பார்த்தான்.

மருதையன் மரியாதையாக ஓரடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டான்.

"நான் காத்திருக்கிறேன் காவலரே," என்றான். "வரிசையில் பெரியவர் வந்திருக்கிறார். முதலில் அவரைக் கவனியும்."

ராஜா தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கையில் இருந்த சீட்டெல்லாம் மடியில் சிதறின. கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றி மருதையனுக்குப் போட்டார். "இனி இந்த நாட்டில் யாரும் ராஜாவை வெட்டலாம், சீட்டில் மட்டும்," என்று அறிவித்தார். சபையே சிரித்தது.

பிரதானி மட்டும் பாதி உருவிய வாள் சீட்டோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மகாராஜா," என்றார் மெல்ல, "தாங்கள் இப்போது சொன்னதை எழுத்தில் கொடுத்தால், வெட்டிவிடுகிறேன்."