ஏசுவடியாளின் சீலை

ஞானாபரணம் சாரிடம் வேதத்தில் எந்த அதிகாரத்தைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார். கேட்காவிட்டாலும் ஒப்பிப்பார். மாங்கன்றுவிளை சபையில் அவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தால், போதகர் தம் பிரசங்கக் குறிப்பை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்துக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவருக்கும் ஒரு குரு உண்டு. மலையடிவாரத்து ஆசிரமத்தின் பெரியக்கா. பெயர் சலோமி. சாரைவிடப் பத்து வயது சின்னவர். குஷ்டரோக ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு ஆசிரமத்துக்கு வந்தவர். தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்ற கையோடு ஒரு தியானக் கூட்டத்துக்குப் போன சார், பெரியக்கா கேட்ட ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் வீடு திரும்பினார். அந்த அவமானம் பொறுக்காமல் மறுமாதமும் போனார். பிறகு மாதம் தவறாமல் போனார்.

இந்தத் தடவை ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் காலையிலேயே வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பொதி. பஸ்ஸில் அதை மடியை விட்டு இறக்கவில்லை.

பெரியக்கா சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சாரே. மாசம் இன்னும் முடியலியே?"

"சபை உடையப் போவுது அக்கா."

"இருங்க" என்று அவர் மணையை நகர்த்திப் போட்டார்.

சார் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். மாங்கன்றுவிளைச் சபைக்கு ஒரு பழைய வேதப்புத்தகம் உண்டு. பெண்கள் தோளை மூடும் உரிமைக்காக எழுந்த தோள்சீலைக் கலகக் காலத்தில், சபைக் கோயிலைக் கொளுத்திய நெருப்பிலிருந்து ஏசுவடியாள் என்ற பெண் காப்பாற்றியது. ஒரு பழைய சீலையில் பொதிந்து, ஈஸ்டர் காலையில் அவள் வம்சத்து மூத்த ஆண் அதைப் பீடத்துக்குச் சுமந்து வருவான். சபை எழுந்து நிற்கும். பெண்கள் குனிந்து அந்தச் சீலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருஷமாகச் சுமப்பது ஞானாபரணம் சார்தான். ஏசுவடியாள் வம்சம் என்று சொல்லும்போது அவருடைய முதுகு தானாக நிமிரும்.

"இப்போ என்ன வந்துது?"

"எனக்கே கேள்வி வந்துட்டு. துணியைத் தொட்டுக் கும்பிடச் சொல்லி வேதத்திலே எங்க இருக்கு? ஆதியாகமத்திலேருந்து கடைசி வரைக்கும் பாத்தாச்சு. ஒரு வசனம் கிடையாது. வேண்டாம்னு சொல்லத்தான் வசனம் இருக்கு. இந்த ஈஸ்டருக்குச் சீலை வராது, புத்தகம் மட்டும் வரும்னு கமிட்டியிலே சொல்லிட்டேன்."

"சபை என்ன சொல்லுது?"

"வாலிபப் பயலுவ கைதட்டுனானுவ. பொம்பளைகள் சீலை வராத கோயிலுக்கு நாங்களும் வரமாட்டோம்னு சொல்லிட்டாவ. முதல்ல சொன்னது யாருங்கிய? எம் பெண்டாட்டி தங்கநேசம்."

பெரியக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டார். சாருக்குச் சிரிப்பு வரவில்லை.

"சனிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும். சீலையைக் கொண்டுவந்தா பாதிச் சபை போவும். கொண்டுவரலேன்னா மத்தப் பாதி போவும். வேதம் பெருசா, வழக்கம் பெருசா? ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா. நான் போயி ஓங்கி அடிச்சுச் சொல்லிடுதேன்."

பெரியக்கா எழுந்து போய்க் கை கழுவினார். முந்தானையில் ஈரம் போகத் துடைத்துவிட்டு வந்து பொதியைப் பார்த்தார்.

"அவிழ்க்கட்டுமா?"

சார் திடுக்கிட்டார். "அவிழ்க்கிற வழக்கம் இல்லியே அக்கா. சீலை வேண்டாம்னு சொன்ன எனக்கே கை வரல."

"பொதிஞ்சது எப்போ?"

"அவ செத்த பொறவு. பெரியவங்க ஜெபம் பண்ணிப் பொதிஞ்சாவளாம்."

"அதுக்குப் பொறவு யாரும் வாசிக்கலியா?"

"வாசிக்கதுக்கு வேற புத்தகம் இருக்கே."

சொல்லி முடித்ததும் அந்தப் பதில் சாருக்கே நன்றாக இல்லை. வசனத்துக்காகச் சண்டைக்கு நின்ற மனிதர், இருபத்திரண்டு வருஷம் சுமந்த புத்தகத்தில் ஒரு வரி வாசித்ததில்லை. பெரியக்கா அதைக் குத்திக் காட்டவில்லை. முடிச்சை அவிழ்த்தார். மக்கிய வாசனை வந்தது. ஓரம் கருகிய பெரிய புத்தகம். அட்டையின் ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது.

"அவளுக்கு வாசிக்கத் தெரியுமா சாரே?"

"ஒரு எழுத்து தெரியாது."

"அப்போ கோயில் எரியும்போ, இதுதான் வேதம்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சபையிலே சொல்லித் தந்திருப்பாவ. மத்தவங்க வாசிச்சுக் கேட்டிருப்பா. இது நம்ம ஜீவன்னு..."

சார் பாதியில் நிறுத்தினார். கணக்கு வாத்தியாராக இருந்தவர் இல்லையா, தான் எந்த விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்று அவருக்கு உடனே புரிந்தது.

"அப்போ வழக்கம்தான் பெருசுன்னு சொல்லுதியளா?"

"நம்ம பெண்கள் தோளை மூடக்கூடாதுன்னு வச்சிருந்தாவளே, அது எத்தனை காலத்து வழக்கம்?"

"அது யாருக்குத் தெரியும்? தலைமுறை தலைமுறையா."

"அதை மீறலாம்னு அவளுக்கு யாரு சொன்னது?"

சார் புத்தகத்தைப் பார்த்தார். "இது சொன்னது."

"ம்."

"அப்போ வேதம்தான் பெருசு?"

பெரியக்கா கிழங்கை எடுத்து மறுபடி உரிக்கத் தொடங்கினார். "எனக்கு அந்தக் கதையைச் சொல்லுங்க. ஈஸ்டருக்குச் சொல்லுவியளே, அது."

இதற்குத்தான் காத்திருந்ததுபோல் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் குரலே மாறிவிட்டது. கோயிலுக்குத் தீ வைத்தார்கள். ஆண்கள் காட்டுக்குள் ஓடினார்கள். ஏசுவடியாள் மட்டும் உள்ளே புகுந்து புத்தகத்தை எடுத்தாள். ஒரு துணியில் சுற்றிப் பனையோலைக் கடவத்தில் வைத்து, மேலே கருப்பட்டியை அடுக்கித் தலையில் தூக்கிக்கொண்டாள். வழியெல்லாம் மேல்சாதிக்காரரின் ஆட்கள் காவல். பன்னிரண்டு மைல் நடந்து மிஷன் பங்களாவில் கொண்டு சேர்த்தாள்.

"ஒரு துணியா?"

"ஆமா."

"எந்தத் துணி?"

"இதோ, இந்தச் சீலைதான்."

"தீக்குள்ள போனவளுக்கு அந்த அவசரத்திலே சீலை எங்கேருந்து கிடைச்சுது?"

சார் தரையைப் பார்த்தார். அவருடைய அப்பாவும் சீலை என்றுதான் சொல்வார். அதற்கு மேல் சொல்லமாட்டார். ஏசுவடியாள் வம்சத்து ஆண்கள் எல்லோரும் அந்த இடத்தில் மட்டும் சட்டென்று தாண்டிப் போய்விடுவார்கள். சாருடைய அம்மா ஒரே ஒரு தடவை, அடுக்களையில் வைத்து, மீதியைச் சொல்லியிருக்கிறாள்.

"உங்க ஊர்ப் பெண்கள் ஆஸ்பத்திரியிலே எங்கிட்டே படுத்துக் கிடந்திருக்காவ. அவங்க வாயாலே நான் கேட்டிருக்கேன். உங்க வாயாலே கேக்கணும்" என்றார் பெரியக்கா.

"தோள்லே கிடந்தது" என்றார் சார்.

பெரியக்கா கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தார்.

"அதைப் போட்டதுக்காக மூணு மாசத்துக்கு முந்திதான் அவளைக் கடைத்தெருவிலே வச்சு அடிச்சிருந்தாவ. இழுத்தாவ, அவ விடல. முதுகிலே தழும்போட மறுநாளும் போட்டுக்கிட்டுப் போனா. அப்படிப்பட்டவ, அன்னைக்கு அவளே உருவினா. புத்தகத்தைச் சுத்தினா. வெறும் தோளோட, அடிவாங்குன அதே கடைத்தெரு வழியா நடந்தா. காவலுக்கு நின்னவன் எல்லாம் சிரிச்சான். வழிக்கு வந்துட்டாடான்னு சொல்லிச் சிரிச்சான். அந்தச் சிரிப்பிலே கடவத்தைச் சோதிக்கவே இல்லை."

இத்தனை வருஷம் பீடத்துக்கு முன்னால் நின்று பெருமையாகச் சொன்ன கதையில், பெருமையை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறோமே என்று சாருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, சொல்ல வராத ஒரு கர்வம் உள்ளே பொங்கியது. அவளுடைய ரத்தம் இந்த உடம்பில் ஓடுகிறது என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது.

"மிஷன் பங்களாவிலே போய்?"

"படியிலே கடவத்தை இறக்கினா. அங்கே இருந்த பெண்கள் அவளைப் பாத்துட்டு ஓடிவந்து அவங்க துணியைப் போத்தப் போனாவளாம். வேண்டாம்னுட்டா. புத்தகத்தை எடுத்து வெள்ளைக்காரத் துரைசானி கையிலே கொடுத்தா. சுத்தியிருந்த சீலையை உதறி, எல்லாரும் பாக்க, தோள்லே போட்டுக்கிட்டா. 'இனி வாசிங்கோ, நான் கேக்கேன்' அப்படின்னாளாம்."

சமையல்கட்டுக்குள் உலை கொதிக்கும் சத்தம் கேட்டது. பெரியக்கா அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு மறுபடியும் போய்க் கை கழுவி வந்தார்.

புத்தகத்தைத் திறந்தார். தாள்கள் ஒட்டியிருந்தன. காயத்திலிருந்து பஞ்சு எடுக்கிற பொறுமையோடு ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுவில் ஒரு பக்கத்தை விரித்து, அப்படியே சாருடைய இரண்டு கையிலும் வைத்தார்.

"வாசிங்க."

சார் வாசித்தார். மனப்பாடமாகத் தெரிந்த அதிகாரம்தான். ஆனாலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் வாசித்தார். பெரியக்கா கடைசி வரைக்கும் நின்றுகொண்டே கேட்டார்.

முடிந்ததும் அவர் சீலையை எடுத்தார். வெளியே கொண்டுபோய் மெதுவாக உதறினார். பழுப்பேறிய கைத்தறி, மடிப்பில் இரண்டு இடத்தில் கிழிசல். நீளவாக்கில் மடித்து, வெள்ளைச் சட்டையும் மேல்துண்டுமாக உட்கார்ந்திருந்த ஞானாபரணம் சாரின் தோளிலிருந்து துண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சீலையைப் போட்டார். நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து, பெண்கள் போடுகிறபடியே மறு தோளில் சரிசெய்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை இப்படிப் போங்க. புத்தகத்தை விரிச்சுப் பிடிச்சுக்கிடுங்க. பீடத்துக்கிட்டே நின்னு ஒரு அதிகாரம் வாசிங்க. பொறவு கதையைச் சொல்லுங்க. முழுசா."

சார் தம் தோளைப் பார்த்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடமே பார்த்து நடுங்கிய தோள். முன்வரிசையில் உட்காரும் வாலிபர்களை நினைத்தார். கமிட்டிக்காரர்களை நினைத்தார்.

"அக்கா."

"சொல்லுங்க சாரே."

"நான் ஆம்பிளை. ஒரு பொம்பளைச் சீலையைத் தோள்லே போட்டுக்கிட்டுப் பீடத்துக்குப் போனா, சபை சிரிக்காதா?"

பெரியக்கா மணையை இழுத்துப் போட்டு, மீதிக் கிழங்கைக் கையில் எடுத்தார்.

"கடைத்தெருவிலே அவளைப் பாத்தும் சிரிச்சாவ."