ஐந்து டிஸ்க்கும் பிலோமினாவும்

புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் லினக்ஸ் சர்வர் படுத்துவிட்டது. உள்ளே ஐந்து டிஸ்க்குகள் சேர்ந்து ஒன்றாக இயங்கின. ஒன்று போனால் மற்றவை தாங்கும். இரண்டு போனால் தாங்காது. ஒன்று எப்போதோ போயிருந்தது. எவரும் கவனிக்கவில்லை. அன்று காலை இரண்டாவதும் போனது.

யாருக்கு எங்கே, எவ்வளவு கதிர் பாய்ச்சுவது என்ற கணக்கெல்லாம் அதற்குள். பேக்கப் காப்பி எங்கே என்று, டேட்டாவை மீட்க வந்த பிலோமினா கேட்டாள். அதுவும் அதற்குள்ளேதான் என்றார்கள்.

பிலோமினாதான் குரு. சீடர் திரவியம் அவளைவிட மூத்தவர். வங்கி வேலையை உதறிவிட்டு அவளிடம் தொழில் கற்க வந்தவர். பொறுமை மட்டும் வரவில்லை.

மருத்துவமனை ஆட்கள் முன்பே எதையோ தட்டி, எந்த டிஸ்க்குக்கு அடுத்து எது என்ற வரிசைக் குறிப்பை அழித்திருந்தார்கள். இனி ஊகம்தான். திரவியம் ஒரு வரிசையை ஊகித்து, கமாண்டை அடித்து, எண்டர் மேல் விரலை வைத்தார்.

“கையை எடுங்க அண்ணாச்சி.”

எடுத்தார்.

அவள் புது டிஸ்க்குகள் வரவழைத்தாள். பழசில் ஓர் எழுத்தும் எழுதாமல், நோய்ப்பட்டும் இன்னும் படிக்க முடிந்தவை உட்பட ஒவ்வொன்றுக்கும் பல காப்பி எடுத்தாள். நாள் முழுக்க ஓடியது. மருத்துவர் வந்து வந்து எட்டிப் பார்த்தார். சிகிச்சை பாதியில் நிற்கும் பிள்ளையோடு ஒரு தாய் வெளியே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். இதற்குள் இரண்டு தடவை சரிபண்ணியிருக்கலாம் என்று திரவியம் முணுமுணுத்தார். பிலோமினா அவரை டீ வாங்கிவர அனுப்பினாள்.

காப்பி முடிந்ததும் அசலைப் பூட்டி வைத்தாள். ஒரு செட் காப்பிகளை ஒரு வரிசையில் சேர்த்தாள். வந்ததெல்லாம் குப்பை.

திரவியம் திரையைப் பார்த்தார். அவர் ஊகித்த அதே வரிசை; அசலில் அடித்திருந்தால் எல்லாம் அழிந்திருக்கும். கையிலிருந்த டீ ஆறிப்போனது.

அவள் அந்தக் காப்பியைத் தூக்கிப் போட்டாள். அடுத்த செட்டை எடுத்தாள். வேறு வரிசை. அதுவும் குப்பை. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. மூன்றாவதில் நோயாளிகளின் பெயர்கள் வரிசையாக எழுந்து வந்தன. மருத்துவர் அந்தப் பிள்ளையின் கணக்கைத் திறந்து, சரிபார்த்துவிட்டு, வெளியே ஓடினார்.

திரவியம் ஆறிய டீயைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

“நீங்களும் என் தப்பையேதான் பண்ணீங்க டீச்சர்.”

“ஆமா.”

“அப்போ உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?”

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“நான் தப்புப் பண்ணுவேன்னு எனக்கு முதல்லயே தெரியும் அண்ணாச்சி.”