இடது கை மூலை

"போர்டு சரியில்ல, மாஸ்டர்."

செருப்பைக் கழற்றும்போதே தணிகாசலம் ஆரம்பித்துவிட்டார்.

மாஸ்டர் என்றதும் நரைத்த தாடியைத் தேட வேண்டாம். வியாசர்பாடியில் அந்தச் சின்ன கேரம் கிளப்பை நடத்தும் ரெஜினாவுக்கு இருபத்தாறு வயது. இரண்டு கோப்பைகள் வாங்கியவள். தணிகாசலத்துக்கு ஐம்பத்து மூன்று. ரயில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். வேலையில் ஒரு நூல் பிசகினாலும் விடமாட்டார் என்று பெயரெடுத்தவர்.

"எந்த போர்டுண்ணா?"

"எங்க வூட்டு போர்டு."

"யார்கிட்ட தோத்தீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"புஷ்பராணிகிட்ட. என் சம்சாரம்."

"எத்தன நாளா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

ரெஜினா சிரிக்கவில்லை. அவளிடம் அவருக்குப் பிடித்ததே அதுதான். வேறு யாராக இருந்தாலும் தெருவையே கூட்டியிருப்பார்கள்.

"ஒரு ஆட்டம் போடுங்க" என்றாள்.

கிளப்பிலேயே கெட்டிக்காரனான ஒருவனை எதிரே உட்கார வைத்தாள். கால் மணி நேரத்தில் தணிகாசலம் அவனை எழுப்பி அனுப்பினார். சிவப்புக் காயான ரெட்டைப் போட்டு, அதை உறுதி செய்யும் ஃபாலோ காயையும் போட்டு, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களா? எனக்கு ஆட்டம் தெரியும். அந்த போர்டுதான் சனியன். என் இடது கை மூலையில எனக்கு ஒரு காய் உழாது. கிட்ட வரைக்கும் போவும், அங்கியே நிக்கும். அவளுக்கு மட்டும் அதே மூலையில பொத்து பொத்துன்னு உழும். எல்லாம் லக்கு."

"போர்டு சாஞ்சிருக்கா?"

"ரசமட்டம் வெச்சே பாத்துட்டேன். மட்டமாத்தான் இருக்கு."

"அப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டுப் புது போர்டு வாங்குவதாக வீட்டில் சொல்லிவிட்டார். அங்கேதான் வினை. பீரோ, கட்டில், கிரைண்டரோடு சீர்வரிசையில் வந்த போர்டு அது. புஷ்பராணி தன் அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கி வந்தது. அவள் சண்டை போடவில்லை. ரெண்டே வார்த்தைதான் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை என்னை ஒரு வாட்டி ஜெயிச்சிக் காட்டுங்க. அப்புறம் அத யாருக்கு வேணா தூக்கிக் குடுங்க. ஆனா புது போர்டுல நான் உக்கார மாட்டேன்."

அதைச் சொல்லும்போது தணிகாசலத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது. அவள் உட்காராவிட்டால் அவர் யாரோடு ஆடுவது? பெண்ணும் கல்யாணம் கட்டிக்கொண்டு பெங்களூர் போய்விட்டாள். வீட்டில் இருப்பதே ரெண்டு பேர்.

ரெஜினா யோசித்தாள்.

"போர்ட யார் தொடைக்கறாங்க?"

"அவதான். பழைய வேட்டித் துணியால தொடைப்பா. சொவத்துல சாத்த உடமாட்டா, ஈரம் ஏறும்னுவா. கட்டிலுக்கு அடியில பலகை போட்டுப் படுக்க வெப்பா. கொழந்தையத் தூங்க வெக்கற மாதிரி."

"இன்னைக்கு நீங்க தொடைங்க. துணி வேணாம். வெறுங்கையால."

மறுநாள் மாலை உள்ளங்கை வெளுத்து வந்து நின்றார்.

"தொடைச்சேன். கை பூரா பவுடர். வேற ஒண்ணும் இல்ல."

"எவ்ளோ பவுடர் போடுவீங்க?"

"காய் ஓடணுமே. நல்லாக் கொட்டுவேன்."

"மொத்தத்தையும் தட்டி எடுங்க. அப்புறம் கண்ண மூடிக்கினு தொடைங்க."

அவருக்கு எரிச்சல் வந்தது. ஆட்டம் கற்க வந்தால் வீட்டு வேலை செய்யச் சொல்கிறாளே. ஆனாலும் போனார். ஞாயிறுக்கு ரெண்டு நாள்தான் இருந்தது.

சனிக்கிழமை மாலை படிக்கட்டே அதிர ஓடி வந்தார். கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார்கள்.

"கெடச்சிடுச்சி மாஸ்டர், கெடச்சிடுச்சி. என் இடது கை மூலைகிட்ட மேடு. கண்ணுக்குத் தெரியாது. தலமுடி ஒசரம்கூட இருக்காது. ரசமட்டமே ஏமாந்துபோச்சி. என் வெரலு ஏமாறல."

மூச்சு வாங்கியது. முகம் முழுக்கச் சிரிப்பு. இத்தனை வருஷத் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம்.

"எப்படி இருக்கு அந்த மேடு?"

"வட்டமா."

"எவ்ளோ பெருசு?"

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டினார்.

ரெஜினா தன் டீயைக் குடித்து முடித்தாள். காலி டம்ளரை எடுத்து, அந்த விரல் வட்டத்துக்குள் வைத்தாள்.

அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது.

தணிகாசலத்தின் சிரிப்பு அப்படியே நின்றது.

மகள் பிறந்த வருஷம். விடாத மழை. கரண்ட் இல்லாத மத்தியானம். கொதிக்கக் கொதிக்கக் காப்பி. ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் டம்ளரை போர்டு மேலேயே வைக்கிறோமே, சூட்டில் பலகை உப்புமே என்று அவர் யோசிக்கவே இல்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபத்து மூன்று வருஷமாக அந்த போர்டைத் திட்டாத திட்டு இல்லை.

"உப்புத்தாள் போட்டுத் தேச்சிரட்டா, மாஸ்டர்?"

"நாளைக்கு ஆடுங்க. அப்புறம் பேசலாம்."

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வயிற்றில் இறங்குமுன் போர்டு தரையில் இறங்கிவிட்டது.

அவர் வழக்கம் போல ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தார். அவள் வழக்கம் போல சமையலறை வாசல் பக்கம். பவுடரை ஒரு சிட்டிகைதான் தூவினார். புஷ்பராணி அதைக் கவனித்தாள்.

ஒரே ஆட்டம்.

அன்றைக்கு ஆடியது வேறு தணிகாசலம். இடது கை மூலைப் பக்கமே போகவில்லை. மற்ற மூன்று மூலைகளில் காயை அள்ளி அள்ளிப் போட்டார். ரெட் விழுந்தது. ஃபாலோவும் விழுந்தது.

"இன்னா இன்னிக்கு, ஆளே ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஆட்டத்தப் பாரு."

கடைசியில் அவருக்கு ஒரு வெள்ளை. அவளுக்கு ஒரு கறுப்பு.

அவர் முறை. வெள்ளைக் காய் அந்த மூலைக்கு ஒரு சாண் தள்ளி, மேட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. நேராகப் போட்டால் நிற்கும். அது இப்போது அவருக்குத் தெரியும். எதிர்க் கட்டையில் மோதவிட்டு வலது மூலைக்குத் திருப்பப் பார்த்தார். குறி பார்த்தார். வேர்வையைத் துடைத்தார். மறுபடியும் குறி பார்த்தார்.

அடித்தார்.

காய் போனது, மோதியது, திரும்பியது. வலது மூலை வரை வந்து, குழியின் விளிம்பில் பாதி உடம்பைத் தொங்கவிட்டு நின்றது.

தணிகாசலம் குனிந்து அந்தக் குழியையே பார்த்தார்.

இப்போது அவள் முறை. கறுப்பு நடுவில் கிடந்தது. எந்த மூலைக்கும் நேர்வழி இல்லை. புஷ்பராணி குறிகூடப் பார்க்கவில்லை. ஸ்ட்ரைக்கரை மெதுவாகத் தட்டினாள்.

கறுப்பு சோம்பலாக நகர்ந்தது. மேட்டின் ஓரத்தைத் தொட்டது. அதில் சாய்ந்து, வளைந்து திரும்பி, அவருடைய இடது கை மூலைக்குள் பொத்தென்று விழுந்தது.

ஆயிரம் தடவை பார்த்த அடி. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"எது?"

"டம்ளரு."

"நீங்க வெக்கறத பாத்துக்குனுதான இருந்தேன். எடுங்க எடுங்கன்னு மூணு வாட்டி சொன்னேன். ரெட்டுக்கு ஃபாலோ போட்டுட்டு எடுக்கறேன்னீங்க."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"கேட்டீங்களா? போர்டு மோசம், போர்டு மோசம்னுதான் சொன்னீங்க."

சொல்லிக்கொண்டே காய்களை நடுவில் அடுக்கினாள். கடைசியாக ரெட்டை வைத்தாள். எழுந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்டி வாங்க. இந்தப் பக்கம் உக்காருங்க."

"நீ?"

"வாங்கன்னு சொல்றேன்."

இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை. ஃபேன் காற்று வராது. சமையலறைச் சூடு முதுகில் அடித்தது. அங்கிருந்து பார்த்தபோது போர்டு வேறு ஏதோ வீட்டுப் போர்டு மாதிரி இருந்தது.

அவள் ஒரு கறுப்பை எடுத்து நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"மெதுவா. தள்ளற மாதிரி. அடிக்காதீங்க."

தள்ளினார். காய் மேட்டின் இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

"இன்னும் ஒரு பொட்டு வேகம்."

தள்ளினார். காய் போனது, சாய்ந்தது, வளைந்தது, விழுந்தது.

தணிகாசலம் போட்ட கூச்சலில் தெரு நாய் ஒன்று குரைத்தது. ஐம்பத்து மூன்று வயசு மனிதர் தரையைக் கையால் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. புஷ்பராணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னொரு காய வை. சீக்கிரம் வை."

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. ரெஜினா.

"அண்ணா, ஆட்டம் முடிஞ்சிதா? யார் ஜெயிச்சது?"

"தெரியல மாஸ்டர். இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம்."